எதிர்ப்பொருள்களைக் கொண்டு புரதங்களைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குறிப்பிட்ட புரதம் செல்லிலோ திசுவிலோ இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆய்வகங்கள் பெரும்பாலும் எதிர்ப்பொருள்களைக் கொண்டே விடை தேடுகின்றன. ஆன்டிபாடி என்ற பெயரிலேயே பரவலாக வழங்கும் இந்தக் கருவியை முதன்முறையாகக் கையாளும் ஆய்வு மாணவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. செய்முறைப் படிகளைவிட, கிடைக்கும் சமிக்ஞையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கே இங்கு அதிக இடம் தரப்பட்டிருக்கிறது. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன.

புரதத்தைக் கண்டறிய எதிர்ப்பொருள் எதற்கு? சாதாரணச் சாயம் போதாதா?

ஒரு செல் சாற்றில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கின்றன. அவை அனைத்தும் அதே 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை என்பதால், கூமாசி நீலம் போன்ற சாயங்கள் மொத்தப் புரதத்தைக் காட்டுமே ஒழிய, அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டா. எதிர்ப்பொருளோ ஒரு புரதத்தின் மேற்பரப்பில் உள்ள சிறு பகுதியின் வடிவத்தையும் மின்சுமையையும் பொறுத்து அதனுடன் பிணைகிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் ஏறத்தாழ 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ளது. ஒவ்வொன்றும் சுமார் 50 கிலோடால்டன் கொண்ட இரண்டு கன சங்கிலிகளும், சுமார் 25 கிலோடால்டன் கொண்ட இரண்டு இலகு சங்கிலிகளும் அதில் உள்ளன. Y வடிவம் கொண்ட அதன் இரு கைகளின் நுனிகளும் இலக்கைப் பற்றுகின்றன. ஒரே விலங்கின் ஒரே வகை எதிர்ப்பொருள்களில் பெரிதும் மாறாதிருக்கும் தண்டுப் பகுதி, அந்த மூலக்கூறைப் பிடித்து இழுக்கவும் அடையாளமிடவும் நமக்கு உதவுகிறது.

எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் அடையாளம் காண்கிறதா?

இல்லை. அது அடையாளம் காண்பது எபிடோப் எனப்படும் ஒரு சிறு பகுதியை மட்டுமே. சில எபிடோப்கள் சங்கிலியில் அடுத்தடுத்து வரும் ஒரு சில அமினோ அமிலங்களால் ஆனவை. இவை நேர்கோட்டு எபிடோப்கள். வேறு சில, சங்கிலியில் தொலைவில் இருக்கும் அமினோ அமிலங்கள் புரதம் மடியும்போது அருகருகே வந்து உருவாகுபவை. இவை வடிவம் சார்ந்த எபிடோப்கள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இனி வரும் விடைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும். எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகைப் பொருளுடன் சேர்த்துச் சூடாக்கினால் புரதம் மடிப்புக் குலைந்து நீள்கிறது. அப்போது வடிவம் சார்ந்த எபிடோப் அழிந்துபோகிறது, உள்ளே மறைந்திருந்த நேர்கோட்டு எபிடோப் வெளிப்படுகிறது. ஃபார்மால்டிஹைடு இட்டால் புரதங்கள் குறுக்குப் பிணைப்புகளால் பிணைக்கப்பட்டு, சில எபிடோப்கள் மூடப்படுகின்றன. ஆகவே, ஒரே எதிர்ப்பொருள் ஒரு முறையில் சிறப்பாகவும் மற்றொரு முறையில் பயனற்றும் இருப்பது இயல்பே. “நல்ல எதிர்ப்பொருள்” என்று பொதுவாகச் சொல்வதற்குப் பொருளில்லை. எந்த முறைக்கு, எந்த மாதிரிக்கு நல்லது என்றுதான் கேட்க வேண்டும்.

பாலிகுளோனல், மோனோகுளோனல், மறுசேர்க்கை ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முயல், ஆடு போன்ற விலங்குக்கு ஒரு புரதத்தையோ அதன் துண்டையோ செலுத்தி, அதன் இரத்தத்தின் சீரத்திலிருந்து பெறப்படுவது பாலிகுளோனல். ஒரே புரதத்தின் பல எபிடோப்களைப் பற்றும் பல்வேறு எதிர்ப்பொருள்களின் கலவை அது. இதனால் சமிக்ஞை வலுவாகக் கிடைக்கும். புரதம் சற்றே உருமாறினாலும் ஏதேனும் ஒரு பகுதி பற்றிக்கொள்ளும். ஆனால் விலங்கு மாறினால் கலவையும் மாறும். அந்த விலங்கு இறந்துவிட்டால் அதே கலவை மீண்டும் கிடைக்காது.

1975இல் ஜார்ஜஸ் கோலர், சீசர் மில்ஸ்டீன் ஆகிய இருவரும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் மண்ணீரல் செல்லையும் முடிவின்றிப் பெருகும் மைலோமா என்ற புற்றுச் செல்லையும் இணைத்து ஹைபிரிடோமாவை உருவாக்கினர். அதிலிருந்து ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து பெறும் வழி பிறந்தது. நீல்ஸ் ஜெர்னேயுடன் சேர்த்து அவர்களுக்கு 1984ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் ஹைபிரிடோமா செல்களும் மாறக்கூடியவை. எதிர்ப்பொருள் மரபணுக்களை அவை இழக்கலாம். சில ஹைபிரிடோமாக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கன அல்லது இலகு சங்கிலிகளைச் சுரப்பதும் உண்டு.

மறுசேர்க்கை எதிர்ப்பொருளின் மரபணு வரிசை தெரிந்திருப்பதால், அதை வளர்ப்புச் செல்களில் செலுத்தி அதே மூலக்கூறை எத்தனை முறை வேண்டுமானாலும் உருவாக்கலாம். 2023இல் வெளியான ஓர் ஒப்பாய்வு, 65 மனிதப் புரதங்களுக்கென விற்பனையில் உள்ள 614 எதிர்ப்பொருள்களைச் சோதித்தது. சராசரியாக மறுசேர்க்கை வகையே மற்ற இரண்டையும் விஞ்சியது. ஆண்டுக்கணக்கில் நீளும் ஆய்வுக்கு, கிடைக்குமானால், மறுசேர்க்கை எதிர்ப்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதன்மை எதிர்ப்பொருள் இருக்கும்போது இரண்டாம் நிலை எதிர்ப்பொருள் ஏன்?

முதன்மை எதிர்ப்பொருள் இலக்கைப் பற்றினாலும் அதைக் கண்ணால் காண முடியாது. அதன் மீது ஒளிரும் சாயத்தையோ நொதியையோ நேரடியாக ஒட்டலாம். ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் 1941இல் ஒளிரும் எதிர்ப்பொருளை அறிமுகப்படுத்தியது இந்த வழியில்தான். ஆனால் ஒவ்வொரு முதன்மை எதிர்ப்பொருளுக்கும் தனித்தனியாக அடையாளமிடுவது வீண் உழைப்பு. முயலின் ஐஜிஜியைப் பற்றும் ஆட்டு எதிர்ப்பொருள் ஒன்றில் அடையாளத்தை ஒட்டிவிட்டால், முயலிலிருந்து வந்த எல்லா முதன்மை எதிர்ப்பொருள்களுக்கும் அது பயன்படும். ஒரு முதன்மையின் மீது பல இரண்டாம் நிலை மூலக்கூறுகள் அமர்வதால் சமிக்ஞையும் பெருகுகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. எலித் திசுவில் எலியின் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தினால், இரண்டாம் நிலை எதிர்ப்பொருள் அத்திசுவில் ஏற்கெனவே உள்ள ஐஜிஜியையும் பற்றும். இயன்றவரை மாதிரி எந்த விலங்கோ அதற்கு வேறான விலங்கின் முதன்மை எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதன்மையை விட்டுவிட்டு இரண்டாம் நிலையை மட்டும் இட்ட ஒரு கட்டுப்பாட்டு மாதிரியும் எப்போதும் தேவை.

எந்தக் கேள்விக்கு எந்த முறை பொருத்தமானது?

புரதத்தின் இருப்பையும் தோராய எடையையும் அறிய வெஸ்டர்ன் பிளாட். கரைசலில் உள்ள அளவைத் துல்லியமாக அறிய எலைசா. செல்லுக்குள் அல்லது திசுவில் இடமறிய நோய்த்தடுப்பு ஒளிர்வு, நோய்த்தடுப்புத் திசுவேதியியல். கலவையான செல் கூட்டத்தில் எந்தெந்தச் செல்லில் புரதம் உள்ளது என்றறிய ஓட்ட செல்லளவியல். புரதத்தையும் அதனுடன் சேர்ந்திருக்கும் கூட்டாளிகளையும் பிரித்தெடுக்க நோய்த்தடுப்பு வீழ்படிவாக்கம். நோய்த்தடுப்பு வீழ்படிவாக்கத்தில் புரதம் பெரும்பாலும் இயல்பு மடிப்பிலேயே இருக்கும் என்பதால், வெஸ்டர்ன் பிளாட்டில் நன்றாக வேலை செய்த எதிர்ப்பொருள் அங்கே தோற்றால் வியப்படைய வேண்டியதில்லை.

வெஸ்டர்ன் பிளாட்டில் என்ன நடக்கிறது?

1979இல் ஹாரி டௌபின் குழுவினர் புரதங்களை ஜெல் எனப்படும் களியிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் சவ்வுக்கு மின்புலத்தால் மாற்றும் முறையை வெளியிட்டனர். முதலில் எஸ்டிஎஸ் களி மின்பகுப்பில் புரதங்கள் எடைவாரியாகப் பிரிகின்றன. பின்னர் அவை சவ்வுக்கு மாற்றப்படுகின்றன. சவ்வு எந்தப் புரதத்தையும் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது என்பதால், வெற்றிடங்களைக் கொழுப்பு நீக்கிய பால் அல்லது மாட்டு சீரம் அல்புமின் கரைசலால் நிரப்புகிறோம். வழக்கமான செறிவு 3 முதல் 5 சதவீதம். அடுத்து முதன்மை எதிர்ப்பொருள், ட்வீன்-20 என்ற மென்மையான சோப்பு வகைப் பொருள் கலந்த தாங்கல் கரைசலில் கழுவுதல், இரண்டாம் நிலை எதிர்ப்பொருள், மீண்டும் கழுவுதல், இறுதியில் பெராக்சிடேஸ் நொதி உமிழவைக்கும் ஒளியைப் பதிவு செய்தல்.

சவ்வுக்கு மாற்றியவுடன் பொன்சோ சாயத்தால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சில நிமிடங்களே ஆகும். அது கழுவினால் போய்விடும். புரதம் சவ்வுக்கே வந்து சேரவில்லை என்பதை இறுதியில் அறிவதைவிடத் தொடக்கத்திலேயே அறிவது மேல். நைட்ரோசெல்லுலோஸுக்குப் பதிலாகப் பிவிடிஎஃப் என்ற வேறு வகைச் சவ்வைப் பயன்படுத்துவோர் அதை முதலில் மெத்தனாலில் நனைக்க வேண்டும். தவறினால் நீர்க்கரைசல் உள்ளே புகாது.

எதிர்பார்த்த எடையில் பட்டை இல்லாமல் வேறு இடத்தில் தெரிகிறது. எதிர்ப்பொருள் தவறானதா?

அப்படி உடனே முடிவு கட்டக் கூடாது. 393 அமினோ அமிலங்கள் கொண்ட மனித பி53 புரதத்தின் கணக்கிட்ட எடை சுமார் 44 கிலோடால்டன். ஆனால் களியில் அது 53 அருகே ஓடுகிறது, அதன் பெயரே அதனால் வந்ததுதான். புரோலின் நிறைந்த பகுதிகள், சர்க்கரைச் சங்கிலிகள், பாஸ்பேட் தொகுதிகள், யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தின் சேர்க்கை ஆகியவை புரதத்தை மேலே நிறுத்தக்கூடும். நொதிகளால் வெட்டப்படுதல், மாற்றுப் பிளவு இணைப்பால் (ஒரே மரபணுவின் ஆர்என்ஏ வேறு விதமாக வெட்டி இணைக்கப்படுவதால்) வரும் குறுகிய வடிவம் ஆகியவை கீழே காட்டக்கூடும்.

எதிர்த் திசையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். சரியான எடையில் பட்டை தெரிவது சரியான புரதம் என்பதற்குச் சான்றாகாது. ஒரு செல் சாற்றில் அதே எடையில் வேறு பல புரதங்கள் உள்ளன. நோய்த்தடுப்பு வீழ்படிவாக்கத்துக்குப் பின் செய்யும் பிளாட்டில் 50, 25 கிலோடால்டன் அருகே தெரியும் தடித்த பட்டைகள் பெரும்பாலும் நீங்கள் இட்ட எதிர்ப்பொருளின் கன, இலகு சங்கிலிகளே.

பின்னணி இருண்டு கிடக்கிறது. என்ன செய்வது?

முதலில் எதிர்ப்பொருளின் செறிவைக் குறையுங்கள். பலரும் அதைக் கடைசியாகவே செய்கிறார்கள். ஒரு புதிய எதிர்ப்பொருளுக்கு நீர்த்தல் வரிசை (படிப்படியாக நீர்த்த கரைசல்கள்) ஒன்றைச் செய்து பார்க்காமல், விற்பனையாளரின் தாளில் அச்சிட்ட அளவை அப்படியே ஏற்பது சரியல்ல. இரண்டாவதாக, நிரப்பும் பொருளை மாற்றிப் பாருங்கள். பாலில் கேசீன் என்ற பாஸ்போபுரதமும் பயோட்டினும் இருப்பதால், பாஸ்பேட் ஏற்ற வடிவங்களைத் தேடும்போதும் பயோட்டினைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் முறையைப் பயன்படுத்தும்போதும் அல்புமின் பாதுகாப்பானது. கழுவும் நேரத்தைக் கூட்டுவதும் உதவும்.

பட்டையின் நடுப்பகுதி வெறுமையாக, ஓரம் மட்டும் தெரிந்தால் அது பின்னணிச் சிக்கல் அல்ல. நொதி அளவுக்கு மீறி இருந்ததால் அந்த இடத்தில் வினைபடு பொருள் விரைவில் தீர்ந்துபோனதன் அடையாளம் அது. சமிக்ஞையே இல்லையென்றால், கரைசலில் சோடியம் அசைடு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கப்படும் அது பெராக்சிடேஸை முடக்கிவிடும்.

எலைசா முறையின் சிறப்பு என்ன?

1971இல் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் ஆகியோர் வெளியிட்ட எலைசா, அதற்கு முன் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் கதிரியக்க அடையாளத்தைக் கொண்டு உருவாக்கிய அளவீட்டின் தருக்கத்தை, கதிரியக்கம் இன்றி நொதியால் நடத்திக் காட்டியது. அடுக்கு எலைசாவில் ஒரு எதிர்ப்பொருள் இலக்கைப் பிடிக்கிறது, வேறு எபிடோப்பைப் பற்றும் மற்றொன்று அதைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே மூலக்கூறில் பொருந்தினால்தான் சமிக்ஞை எழும் என்பதால் குறிப்பான தன்மை கூடுகிறது. அளவு தெரிந்த புரதத்தின் நீர்த்தல் வரிசையோடு ஒப்பிட்டு எண்ணிக்கை மதிப்பைப் பெறலாம். மாதிரியும் காட்டும் எதிர்ப்பொருளும் ஒரே நேரத்தில் இடப்படும் ஒற்றைப்படி முறையில் மட்டும் கவனம் தேவை: இலக்கு மிக அதிகமாக இருந்தால் இரு எதிர்ப்பொருள்களும் தனித்தனி மூலக்கூறுகளால் நிறைந்துபோய், அளவு குறைந்திருப்பதுபோலத் தவறாகக் காட்டும். மாதிரியை மேலும் நீர்த்து மறுமுறை அளந்தால் இது வெளிப்பட்டுவிடும்.

திசுவில் சாயம் நன்றாகவே ஏறியிருக்கிறது. அதை நம்பலாமா?

வெஸ்டர்ன் பிளாட்டில் எடை என்ற ஒரு குறிப்பாவது இருக்கிறது. திசுவில் அதுவும் இல்லை. எதிர்ப்பொருள் வேறு எதைப் பற்றினாலும் அழகான படம் கிடைக்கும். எனவே திசுப் படத்துக்குத்தான் கடுமையான கட்டுப்பாட்டு மாதிரிகள் தேவை. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுவில் மூடப்பட்ட எபிடோப்களைத் திறக்க, பிஹெச் 6 கொண்ட சிட்ரேட் கரைசலிலோ பிஹெச் 9 கொண்ட ட்ரிஸ்-ஈடிடிஏ கரைசலிலோ வைத்துச் சூடாக்குகிறோம். எதில் திறக்கும் என்பது எபிடோப்பைப் பொறுத்தது. சோதித்துத்தான் அறிய முடியும். வளர்ப்புச் செல்களில் 4 சதவீத ஃபார்மால்டிஹைடுக்குப் பின் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு வகைப் பொருளை இட்டுச் சவ்வைத் துளைக்காவிட்டால், எதிர்ப்பொருள் செல்லுக்குள் நுழையாது.

எதிர்ப்பொருள் சரியானதுதான் என்று எப்படி நிறுவுவது?

இப்பக்கத்தின் மையக் கேள்வி இதுவே. விற்பனையாளரின் தாளில் உள்ள ஒற்றைப் பட்டைப் படமோ, முன்பு பல கட்டுரைகளில் அது பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்ற செய்தியோ சான்றாகாது. மிக வலிய சான்று, அந்தப் புரதம் இல்லாத மாதிரியில் சமிக்ஞை மறைவது. கிரிஸ்பர் முறையில் மரபணுவை நீக்கிய செல்களையும் நீக்காத அதே செல்களையும் அருகருகே வைத்துச் சோதித்தால், எந்தப் பட்டை உண்மையானது, எது தேவையற்றது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நீக்கினால் செல் பிழைக்காது என்ற நிலையில் மரபணுவின் வெளிப்பாட்டைத் தணிக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ கொண்டு அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் அதில் புரதம் முழுவதும் மறைவதில்லை என்பதால் விளக்கம் கடினமாகும்.

2016இல் எதிர்ப்பொருள் சரிபார்ப்புக்கான பன்னாட்டுப் பணிக்குழு ஐந்து வழிகளை முன்வைத்தது. மேற்சொன்ன மரபணு வழி முதலாவது. எதிர்ப்பொருள் சாராத முறையால், குறிப்பாக மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலையியலால், பல மாதிரிகளில் அளவை அளந்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இன்னொன்று. அதே புரதத்தின் வேறு எபிடோப்பைப் பற்றும் தனி எதிர்ப்பொருளோடு ஒப்பிடுவது, அடையாளக் குறி சேர்த்த புரதத்தை வெளிப்படுத்தி ஒப்பிடுவது, பற்றி இழுத்ததை நிறை நிறமாலையியலால் அடையாளம் காண்பது ஆகியவை மற்றவை. இவற்றை நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே முறையில், அதே வகை மாதிரியில் செய்தால்தான் பயன். எதிர்ப்பொருள் உருவாக்கப் பயன்பட்ட பெப்டைடைச் சேர்த்துச் சமிக்ஞையை மறைத்துக் காட்டும் சோதனை இன்னமும் பரவலாக உள்ளது. அதைத் தனிச் சான்றாக ஏற்கக் கூடாது. தவறான புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளையும் அதே பெப்டைடு தடுத்துவிடும்.

சரிபார்க்காவிட்டால் உண்மையில் என்ன தீங்கு?

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். எரித்ரோபோயிட்டின் (சிவப்பணு உருவாக்கத்தைத் தூண்டும் ஹார்மோன்) ஏற்பி, புற்றுநோய்ச் செல்களில் இருக்கிறது என்று பல ஆய்வுகள் எதிர்ப்பொருள்களைக் கொண்டு கூறிவந்தன. இரத்தசோகைக்கு எரித்ரோபோயிட்டின் பெறும் புற்றுநோயாளிகளின் பாதுகாப்போடு தொடர்புடைய கூற்று அது. 2006இல் வெளியான ஆய்வு, அதற்குப் பெரிதும் பயன்பட்ட எதிர்ப்பொருள் ஒன்று வெப்ப அதிர்ச்சிப் புரதமான ஹெச்எஸ்பி70ஐப் பற்றுகிறது என்று காட்டியது.

இரண்டாவது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா. 2017இல் வெளியான ஆய்வில் 13 எதிர்ப்பொருள்கள் சோதிக்கப்பட்டன; அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் எல்லாச் சோதனைகளிலும் இலக்கை மட்டும் பற்றியது. அந்த ஒன்றைக் கொண்டு பார்த்தபோது, இயல்பான மார்பகத் திசுவிலும் மார்பகப் புற்றுத் திசுவிலும் அப்புரதம் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதற்கு முன் அத்திசுக்களில் அதைக் கண்டதாகப் பல ஆண்டுகள் எழுதப்பட்டிருந்தது. எத்தனை மாணவர்களின் உழைப்பும் எத்தனை நோயாளிகள் தந்த திசுக்களும் இவ்வாறு வீணாகியிருக்கும் என்பதை எண்ணும்போது, சரிபார்ப்புக்குச் செலவாகும் சில வாரங்களை யாரும் சுமையாகக் கருதலாகாது.

பட்டையின் அடர்த்தியிலிருந்து அளவைக் கூறலாமா?

ஒரே எதிர்ப்பொருளைக் கொண்டு, ஒரே சவ்வில், ஒரே புரதத்தை மாதிரிகளுக்கிடையே ஒப்பிடலாம். இரு வேறு புரதங்களின் பட்டைகளை ஒப்பிட்டு எது அதிகம் என்று சொல்ல இயலாது. ஒவ்வொரு எதிர்ப்பொருளின் பிணைப்பு வலிமையும் வேறு. ஒப்பீடும் சமிக்ஞை நேர்விகிதத்தில் உயரும் எல்லைக்குள் மட்டுமே செல்லும். ஏற்றிய அளவைச் சமன்செய்ய ஆக்டின் (42 கிலோடால்டன்) அல்லது ஜிஏபிடிஹெச் (சுமார் 37 கிலோடால்டன்) பயன்படுத்துவது வழக்கம். ஆனால் இவை மிகுதியாக உள்ள புரதங்கள் என்பதால் எளிதில் நிறைவெல்லையை எட்டி, உண்மையான வேறுபாட்டை மறைத்துவிடும். சவ்வின் மொத்தப் புரதச் சாயத்தோடு சமன்செய்வது மேலும் நம்பகமானது.

எதிர்ப்பொருளை எவ்வாறு சேமிப்பது?

வந்தவுடன் சிறு பங்குகளாகப் பிரித்து, தாளில் குறிப்பிட்ட வெப்பநிலையில் வையுங்கள். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவது மூலக்கூறுகளைத் திரளச் செய்யும். பாதியளவு கிளிசரால் சேர்ந்தவை மைனஸ் 20 டிகிரியிலும் உறைவதில்லை என்பதால் அவற்றைப் பிரிக்கத் தேவையில்லை. ஒளிரும் சாயமோ நொதியோ ஒட்டியவற்றைப் பொதுவாக 4 டிகிரியில் வைக்க வேண்டும். சாயம் ஒட்டியவற்றுக்கு இருளும் தேவை.

கட்டுரை எழுதும்போது எதிர்ப்பொருளைப் பற்றி எவற்றைக் குறிப்பிட வேண்டும்?

நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதுவது போதாது. ஒரே புரதத்துக்கு ஒரே நிறுவனம் பல எதிர்ப்பொருள்களை விற்கிறது. பட்டியல் எண், குளோன் பெயர், தொகுதி எண், எந்த விலங்கிலிருந்து வந்தது, ஆர்ஆர்ஐடி எனப்படும் ஆய்வு வள அடையாள எண், பயன்படுத்திய செறிவு, அடைகாத்த நேரமும் வெப்பநிலையும் ஆகியவை வேண்டும். நீர்த்தல் விகிதத்தை மட்டும் தந்தால் மூலக் கரைசலின் செறிவு தெரியாதவருக்கு அது உதவாது. மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுங்கள். சரிபார்ப்புச் சோதனையின் படத்தையும், வெட்டாத முழுச் சவ்வின் படத்தையும் இணைப்பாகத் தாருங்கள். பாலிகுளோனல் எதிர்ப்பொருளாக இருந்தால், ஆய்வின் நடுவே புதிய தொகுதிக்கு மாற நேர்ந்ததையும், பழையதோடு அதை ஒப்பிட்ட விதத்தையும் தனியே பதிவு செய்யுங்கள்.